வாஷரக்கா வாயை மூடிய நாள்

“பம்பு குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வாஷர் குடுக்கத் தெரியலையே.”

காலையில் பள்ளிக்கூட கேட்டைத் திறக்கும்போது பூட்டிடம் சொல்வாள். ஒன்பது மணிக்குத் தலைமை ஆசிரியரிடம் சொல்வாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் சொல்வாள். அவள் முதல் பாதியைச் சொன்னால் போதும், மறுபாதியை அதுகளே அதே இழுவையோடும் அதே பெருமூச்சோடும் கோரஸாக முடித்துவிடும். மளிகைக் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டால்கூட உப்புக்கு முன்னால் வாஷர் வரும். அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி தெருவுக்கே அவள் வாஷரக்கா.

வேலை என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஆயா. பெருக்குவது, மணி அடிப்பது, மூக்கு ஒழுகுகிறவனுக்குத் துடைத்துவிடுவது, அழுகிறவளை வகுப்பில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது. பம்பு வருவதற்கு முன்னால் இதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை தண்ணீர். ஓடைக்குப் போக இருபது நிமிஷம், குடத்தோடு திரும்ப அரை மணி. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர் டீக்கடையில் கிளாஸ் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். துணியை நாலாக மடித்து வடிகட்டினால் துணிதான் அழுக்காகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்காகத் தனி வாசலே வைத்திருக்கலாம். பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதே இல்லை. வந்தால் வீட்டுக் குடத்தை யார் தூக்குவது? வாஷரக்காவும் மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்துக் குடத்தைத் தூக்கியவள்தான். வைத்த ஸ்லேட்டைத் திரும்ப எடுக்கவே இல்லை.

அப்புறம் கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் மனசு வைத்தார்கள். பள்ளிக்கூட வளாகத்தில் ஆழமாகத் துளை போட்டு, நீல நிறத்தில் ஒரு கைப்பம்பு. அதோடு இரண்டு வகுப்பறை, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. பம்பின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு, அதில் அவர்கள் எழுத்தில் அவர்கள் பெயர். முதல் குடம் தண்ணீரை வாஷரக்கா கையால் அடித்தாள். வெயிலுக்கு நேரே டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகமாகி விரலை விட்டுப் பார்த்தாளாம். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் சிரித்தார். மூன்றே வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆனது.

பம்பைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்று ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்தவர் அந்த நிறுவனத்தின் உள்ளூர் அலுவலர். கல்லூரி முடித்த சூடு ஆறாத பையன், முதுகில் ஒரு பை, வாயில் ஒரே ஒரு வார்த்தை. மழை வருமா தம்பி என்றால் “கண்டிப்பாக்கா.” பஸ் வருமா என்றால் “கண்டிப்பாக்கா.” பஸ் போய்விட்டதா என்றாலும் அதே கண்டிப்பாக்கா. தெரு அவருக்குக் கண்டிப்பாத் தம்பி என்று பெயர் வைத்தது. வாஷரக்காவுக்கு அவர்மேல் உசிர். கூடப் பிறந்த தம்பி இல்லாத குறைக்கு இவர் வந்து சேர்ந்தார் என்று சொல்லிக்கொண்டு, அவர் வரும் நாளில் பிள்ளைகளை விரட்டிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போடுவாள்.

பயிற்சியில் கற்றுக்கொண்டது இதுதான். பம்புக்குள்ளே ஒரு நீளத் தண்டு. அதன் நுனியில் கிண்ணம் போல ஒரு ரப்பர் வாஷர். கைப்பிடியை அடிக்கும்போது தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டு வருவது அதுதான். அது தேய்ந்தால் பம்பு இருமும், மூச்சு விடும், தண்ணீர் மட்டும் வராது. தேய்ந்ததைக் கழற்றிப் புதிதைப் போட வேண்டும். கழற்றக் கற்றுக்கொடுத்தார்கள், போடக் கற்றுக்கொடுத்தார்கள். போடுவதற்குப் புதிது எங்கே என்றால், “வரும், கண்டிப்பாக்கா.”

முதல் வாஷர் ஒன்றரை வருஷம் தாங்கியது. தேய்ந்த நாளில் இரும்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். கடையில் இருந்தது ஒன்று ஒரு நூல் பெரிது, மற்றது ஒரு நூல் சிறிது. அந்த நாட்டு அளவு இந்த நாட்டில் கிடையாது. தலைமை ஆசிரியரிடம் போய் நின்றாள். அவருக்கு ‘அதாவது’ இல்லாமல் வாய் திறக்காது. பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை என்று சுவரில் கோடு போட்டு வைப்பார்கள். “அதாவது ஆயாம்மா, எழுதிப் போட்டிருக்கேன். அதாவது, வரும்” என்றார்.

மூன்றாம் நாள் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமிகளைப் பார்த்தாள். நேராக வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரின் செருப்பில் ஒன்றை எடுத்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டாள், வெட்டினாள், வெந்நீரில் போட்டு இளக்கிக் கிண்ணத்துக்குள் அழுத்திக் காயவைத்தாள். பம்பு வேலை செய்தது. வீட்டுக்காரர் மறுநாள் மூட்டை தூக்கும் குடோனுக்கு ஒற்றைச் செருப்போடு போனார்.

அதிலிருந்து ஐந்தரை வருஷம் அந்தப் பம்பு செருப்பில்தான் ஓடியது. குளியலறைச் செருப்பு இருபது நாளில் ஊறிப்போகும், ஆகாது. பள்ளிக்கூட ஷூவின் அடிப்பாகம் கட்டை, தண்ணீரைப் பிடிக்காது. பழைய டயரில் வெட்டித் தைத்த செருப்புதான் ராஜா. நாற்பது நாள், சில சமயம் ஐம்பது. தெரு முனையில் செருப்புத் தைப்பவர் இவளுக்கென்றே ஒரு மூட்டை ஒதுக்கிவைப்பார். “என்கிட்ட வர்றவங்க கால்ல போடறதுக்கு வாங்கறாங்க. நீ ஒருத்திதான் கெணத்துல போடறதுக்கு வாங்கறே” என்பார். தெருவில் யார் செருப்பு காணாமல் போனாலும் முதலில் பம்படியில்தான் தேடுவார்கள். இரண்டு தடவை அங்கேயே கிடைத்தும் இருக்கிறது. இதையெல்லாம் கண்டிப்பாத் தம்பி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். செருப்பை வெட்டும்போது டம்ளரைப் பிடித்துக்கூடக் கொடுத்திருக்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். ஒரே மகள். படிப்பிலும் கெட்டி, குறும்பிலும் கெட்டி. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் தலைமை ஆசிரியர் மாதிரி இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, “அதாவது, சோறு. அதாவது, குழம்பு” என்று பரிமாறுவாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டுதான் கடைசி. ஒன்பதுக்கு இரண்டு பஸ் மாறி அடுத்த டவுனுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரருக்கு அரை மனசு. அவருடைய அக்கா, அதாவது வாஷரக்காவின் நாத்தனார், அந்த அரை மனசையும் பிடுங்கிக்கொண்டாள். பெண் எட்டு முடிப்பதே அதிகம், ரெண்டு பஸ் மாறிப் போய் பஸ்ஸுக்கு டிரைவராகவா ஆகப்போகிறாள் என்று கேட்டாள். வாஷரக்காவிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது: ஒன்பதாம் வகுப்பு இங்கேயே வரப்போகிறது.

வெறும் ஆசை இல்லை அது. கண்டிப்பாத் தம்பி சொன்னது. வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த கட்டம் ஒன்பது, பத்து இரண்டு வகுப்பும் இங்கேயே என்றார். எட்டாம் வகுப்பில் மகளைச் சேர்த்துப் பதினோரு பெண்பிள்ளைகள். மற்ற பத்து வீட்டிலும் போய் வாஷரக்கா சொல்லிவிட்டு வந்தாள், என்னவோ தானே கட்டித் தரப்போகிற மாதிரி.

வருகைக்கு முந்தின நாள் தம்பி வந்து அவளைப் பம்படியில் தனியாக உட்காரவைத்தார். அன்றைக்கு என்னவோ அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாஷர் பேச்சு வேண்டாம்க்கா.”

“ஏன் தம்பி? கேக்கறதுக்குன்னே ஆளு வர்றப்போ கேக்காம எப்போ கேக்கறது?”

“அவங்க கொணம் வேறக்கா. கொறைன்னு ஒண்ணு சொன்னீங்கன்னா, ஒரு பம்பையே பாத்துக்கத் தெரியல, இவங்களுக்கு எதுக்கு ஒன்பதாவதுன்னு நெனச்சுடுவாங்க. ஒரு நாள் வாய மூடிக்குங்க. அடுத்த வருஷம் உங்க பொண்ணு இதே கட்டடத்துல ஒன்பதாவது. கண்டிப்பாக்கா.”

மறுநாள் வந்தார்கள். வெள்ளை முடி அம்மா ஒருவர், கேமராவோடு ஒரு நெட்டையர். அந்த அம்மா நல்லவராகத்தான் இருந்தார். தானே பம்பை அடித்து, கையில் ஏந்திக் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாஷரக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ நிதானமாகக் கேட்டார். தம்பி அதைத் தமிழில் சொன்னார்: இந்தப் பம்புக்கு ஏதாவது குறை இருக்கிறதா, என்ன வேண்டுமானாலும் தயங்காமல் சொல்லலாம் என்று கேட்கிறார்.

வாஷர் அவள் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. ஐந்தரை வருஷமாகப் பூட்டிடமும் கடைக்காரரிடமும் சொன்னதைக் கேட்க ஆள் கடல் தாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வரிசையில் நின்ற பிள்ளைகள், ஆயாம்மா முதல் பாதியைச் சொல்லட்டும் என்று மூச்சை இழுத்துத் தயாராக இருந்தார்கள். அவள் கண்ணாலேயே அவர்களை அடக்கினாள். எட்டாம் வகுப்பு ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது.

“ஒரு கொறையும் இல்லீங்கம்மா” என்றாள்.

பிறகு அவர்கள் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி. அதில் ஒரு உலக உருண்டை, ஓட்டப்பந்தயக் கோப்பை இரண்டு, சிவப்புப் பட்டை ஒட்டின ஒரு அட்டைப் பெட்டி. அந்த அம்மா பெட்டியைக் கையில் எடுத்துப் பட்டை பிரியாமல் இருப்பதைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்து நோட்டில் குறித்துக்கொண்டார். வாசலில் நின்ற வாஷரக்காவுக்குப் பெருமையாக இருந்தது. தினமும் அவள் தூசி தட்டுகிற பெட்டி. இன்றைக்கும் காலையில் ஈரத்துணியால் துடைத்தோம், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தார். அதாவது, மிகுந்த மகிழ்ச்சி. அதாவது, இந்த இடம் சொந்தக் காலில் நின்றுவிட்டது. அதாவது, ஏழு வருஷத்தில் பம்புக்கு ஒரு மாற்றுப் பொருள்கூடத் தேவைப்படவில்லை. அதாவது, ஒரு குறையும் இல்லை என்று பயனாளிகளே நேரில் சொல்லிவிட்டார்கள். ஆகவே உதவி இத்துடன் நிறைவு பெறுகிறது. இனி அது இதைவிடத் தேவை அதிகமுள்ள இடங்களுக்குப் போகும். பொருள்களைப் பள்ளியிடம் முறைப்படி ஒப்படைக்க அலுவலர் வருவார்.

“ஒன்பதாவது எப்போ சார்?” என்று கேட்டாள் வாஷரக்கா.

அவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

தம்பி கேட்டுச் சொல்லியிருப்பார், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். தம்பி வரட்டும் என்று வீட்டிலும் சொல்லிவைத்தாள்.

தம்பி வரும் நாளில் ஒப்படைப்புப் பட்டியல் தயார் செய்ய வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியர் நல்ல கையெழுத்துக்காக மகளைக் கூப்பிட்டு, அலமாரியில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்து எழுதச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் ஜீப்பை எதிர்பார்த்து நின்றார். வாஷரக்கா அதே அறையில் மேஜைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். மகள் உலக உருண்டை என்று எழுதினாள். கோப்பை, இரண்டு என்று எழுதினாள். அட்டைப் பெட்டியைத் திருப்பி, மேலே இருந்த வெளிநாட்டு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

“அம்மா, இதுல வாஷர்னு போட்டிருக்கு. பம்பு வாஷர். இருபத்தி நாலு.”

வாஷரக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். பெட்டியின் மேலே அவள் காலையில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. சிவப்புப் பட்டையை நகத்தால் கிழித்தாள். உள்ளே வட்டம் வட்டமாக, கிண்ணம் கிண்ணமாக, அந்த நாட்டு அளவில் இருபத்துநான்கு. ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். டப் என்று இரண்டாக உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் உடைந்தது. ஏழு வருஷம் ஜன்னல் வெயிலில் இருந்து ரப்பர் ஓடாகியிருந்தது.

தலைமை ஆசிரியரும் தம்பியும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் தலைமை ஆசிரியர் உடைந்த துண்டுகளை எண்ண ஆரம்பித்தார். தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. பம்போடு வந்த பொருள் முழுசாக இருக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். போன பள்ளிக்கூடத்தில் ஒரு மணி காணாமல் போனதற்கு மேலிடத்தில் இரண்டு வருஷம் விளக்கம் சொன்னவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னால்தான் நம்புவார்கள்: “அதாவது, ஒங்ககிட்ட சொன்னா நீங்க கேப்பீங்க. கேட்டா நான் குடுக்கணும். குடுத்தா எண்ணிக்கை கொறையும். அதாவது, வருஷா வருஷம் வந்து எண்ணுவாங்க ஆயாம்மா.”

வருஷா வருஷம் வந்து எண்ணியது யார்? வாஷரக்கா தம்பியைப் பார்த்தாள்.

தம்பி நிமிரவில்லை. தன் பொறுப்பில் ஐந்து ஊர் என்றார். மற்ற நான்கிலும் பம்பு துருப்பிடித்து நிற்கிறது, ஒரு இடமாவது ஜெயித்தது என்று காட்டாவிட்டால் தன் வேலைக்கே ஆபத்து என்றார். பெட்டி பிரிக்காமல் இருந்தால்தான் பம்பு பழுதே ஆகவில்லை என்று எழுத முடியும். ஒன்பதாம் வகுப்பைப் பற்றி அவர் மேலே எழுதினாரா என்று கேட்டாள். அதற்கு மட்டும் அவர் வாயிலிருந்து கண்டிப்பா வரவில்லை.

“அன்னைக்கு டம்ளரப் பிடிச்சுக் குடுத்தீங்களே தம்பி” என்றாள் அவள்.

அதற்கப்புறம் வாஷரக்கா அந்தப் புகாரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்டைத் திறந்தாள், மணி அடித்தாள், செருப்பை வெட்டினாள், பம்பைக் கழற்றி மாட்டினாள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அவளைக் கிளப்பிவிடத் தாங்களே முதல் பாதியைச் சொல்லிப் பார்த்தார்கள். மறுபாதிக்குக் காத்திருந்தார்கள். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் அவர்களும் விட்டுவிட்டார்கள். அந்தப் பத்து வீட்டுக்காரிகளும் தெருவில் அவளைக் கண்டால் குடத்தை இடுப்பு மாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது அவள்தானே?

பதினோரு பேரில் ஒன்பது பேர் எட்டோடு நின்றார்கள். மகளும் ஒரு வருஷம் தையல் கடையில் நூல் பிசிறு வெட்டினாள். அந்த வருஷம் முழுவதும் வீட்டில் தலைமை ஆசிரியர் குரல் கேட்கவில்லை. சோறு சோறாகவே வந்தது, குழம்பு குழம்பாகவே வந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று வாஷரக்கா யாரிடமும் கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் இறக்கி, இரண்டாவது பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மணி அடிக்க ஓடி வருவாள். நாத்தனார் பேசாமல் இருப்பாளா? பேசினாள். வாஷரக்காவின் காதில் அது பஸ் சத்தமாகத்தான் விழுந்தது.

மகள் பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு ஒருநாள் ஒரு புது ஜீப் வந்தது. கண்டிப்பாத் தம்பி இறங்கினார். கொஞ்சம் தொப்பை, முதுகில் பை இல்லை, ஓட்டுநர் தனியாக. பெரிய பதவியாம். கையில் சுருட்டின காலண்டர். பம்படிச் சிமெண்ட்டில் உட்கார்ந்து அதை விரித்தார். வாஷரக்கா செருப்பு வட்டத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம், ஏப்ரல் மாதத்துக்கு மேலே, வழவழவென்று. எப்போது எடுத்தது என்று அவளுக்கே ஞாபகமில்லை.

தலைமையகத்தில் இப்போது இவள் பேச்சுதானாம். வெளியிலிருந்து ஒன்றுமே வாங்காமல் உள்ளூர் மூளையால் பம்பை ஓட்டிய பெண்மணி. அக்கா பன்னிரண்டு ஊருக்கு வந்து பெண்களுக்குச் செருப்பில் வாஷர் வெட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஜீப் வீட்டு வாசலுக்கே வரும் என்றார். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். அந்தப் பன்னிரண்டு ஊரிலும் வாஷர் பெட்டி போயிருக்கிறதா தம்பி என்று கேட்டாள். போயிருக்கிறது, கண்டிப்பாக்கா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

வாஷரக்கா சுற்றிலும் பார்த்தாள். இடைவேளை நேரம். வரிசையில் பிள்ளைகள் நின்றார்கள். பம்பு இருமிக்கொண்டிருந்தது; இன்றைக்கோ நாளைக்கோ மாற்ற வேண்டும். காலண்டரைச் சுருட்டி அவர் மடியிலேயே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றி, மூன்று வருஷமாகத் தெரு கேட்காத பழைய இழுவையில் சொன்னாள்:

“வர்றேன் தம்பி, ஏன் வரமாட்டேன்? பன்னெண்டு ஊருக்கும் வர்றேன். ஆனா மொதப் பாடம் பம்படியில இல்ல, ஆபீஸ் ரூம்புல. எல்லாப் பொம்பளைங்களையும் உள்ள கூட்டிட்டுப் போய் நிக்கவச்சு, ‘மொதல்ல அந்த அலமாரியில இருக்கற பெட்டியப் பிரிங்கடி’ன்னு சொல்லுவேன். ரெண்டாவது பாடம், பெரியவங்க வந்து கையப் பிடிச்சுக் கொறை என்னன்னு கேட்டா, எந்தத் தம்பி சொன்னாலும் வாய மூடாதீங்கன்னு சொல்லுவேன். இந்த ரெண்டும் படிச்சு முடிச்ச ஊருல மூணாவது பாடத்துக்கு வேலையே இருக்காது, செருப்பு அவங்கவங்க கால்லயே கெடக்கும். அதையும் மீறி நான் வேணும்னா, நாளைக்கே வண்டிய அனுப்புங்க, எம்பொண்ண பஸ் ஏத்திட்டு வந்து நிக்கறேன். இப்போ எந்திரிங்க, உக்காந்திருக்கற எடம் பிள்ளைங்க தண்ணி பிடிக்கற எடம்.”